பூட்டும் பதிவேடும்



பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், ஊத்தங்கரை, செங்கம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள நிலப்பரப்பு நடுகற்களுக்குப் பெயர்போனது. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வில்லும் வாளும் ஏந்திய வீரர் உருவம் செதுக்கிய கற்கள் நிற்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். சில இடங்களில் அவற்றுக்கு வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். இக்கற்களிற் பல யாருக்காக எடுக்கப்பெற்றன? நாட்டைப் பிடிக்கச் சென்ற பேரரசருக்காக அன்று. கள்வர் கவர்ந்து சென்ற மாடுகளை மீட்கப் போய் மடிந்தவர்களுக்காக எடுக்கப்பெற்றன. அக்காலத்தில் மாடே செல்வம். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. ஆகவே, களவும் காவலும் நம் வட்டாரத்திற்குப் புதிய செய்திகள் அல்ல. இங்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளிற் பெரும்பங்கு அவற்றைப் பற்றியதே.

பக்கத்து மாவட்டமாகிய திருவண்ணாமலையில், எடுத்தனூர் என்னும் ஊரிலே ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனுக்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை நாம் இன்று அறிந்திருக்கிறோம். வீரன் போரிட்டான், நாய் கடித்தது. ஆயினும் இவ்விரண்டு செயலும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் மூன்றாவது ஒருவர். அவர் உளி பிடித்து எழுதியவர். எழுதாமல் விட்டிருந்தால் வீரனும் நாயும் மண்ணோடு மண்ணாகி மறைந்திருப்பார்கள். இம்மூன்றாம் மனிதரை நினைவிற் கொள்ளுங்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளில் மிகவும் வேண்டியவர் அவரே.

வீட்டிலே அருமையாகச் சேர்த்து வைத்த பொருள்களைக் களவு போகாமல் காப்பது எப்படி என்பதே என் பொருள். நகையையும் பணத்தையும் பற்றி நான் பேசப் போவதில்லை. அவற்றைக் காக்க உங்கள் அன்னையர் என்னைவிட நன்கு அறிவார்கள். நான் சொல்வது வேறு வகைச் செல்வம். பாட்டனார் விட்டுச் சென்ற ஓலைச்சுவடிக் கட்டு, மாமா சேர்த்த பழங்காசுகள், தபால் தலைகள் ஒட்டிய தொகுப்பேடு, முதற் பதிப்பு நூல்கள், பழைய வெண்கல விளக்கு, மரத்திற் செதுக்கிய சிற்பம் இவைபோன்றவை.

இத்தகைய சேகரிப்பின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை. ஒரு செப்புக்காசை உருக்கினால் சில ரூபாய்கூடத் தேறாது. ஆனால் அது எந்த ஊரில் கிடைத்தது, அதனோடு வேறு என்ன கிடைத்தன என்று தெரிந்திருந்தால் அது வரலாற்றின் ஒரு வரியாகும். செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்பவர் தம் இல்லத்தில் நூல்கள், இதழ்கள், நாடக விளம்பரத் தாள்கள், திருமண அழைப்பிதழ்கள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்களைத் திரட்டினார். பிறர் குப்பையில் எறிந்த தாளை அவர் பெட்டியில் வைத்தார். 1992-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர், சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை விலைக்குப் பெற்றது. ஆனால் அதைக் கடல் கடந்து கொண்டு செல்லவில்லை, தமிழ்நாட்டிலேயே வைத்தது. 1994-இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம் ஒரு தனி மனிதரின் வீட்டுச் சேகரிப்பே. ஒரு வீட்டுக்குள் எத்துணைப் பெரிய பொதுச் செல்வம் இருக்கக்கூடும் என்பதற்கு இது போதும்.

இனி, கள்வன் பக்கம் வருவோம்.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு வீட்டை மனத்திற் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓட்டு வீடு, முன்புறம் திண்ணை, நடுவே கூடம், பின்புறம் கொல்லைக்கதவு. தெருப்பக்கத்துக் கதவு பலகை கனத்த தேக்கு. அதற்குப் பித்தளைக் குமிழ், பெரிய பூட்டு எல்லாம் உண்டு. கொல்லைக்கதவோ பழைய மாம்பலகை, ஒற்றைத் தாழ்ப்பாள். கள்வன் எந்த வழியாக வருவான் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. வீட்டின் வலிமை அதன் முன்கதவில் இல்லை. எந்த இடம் மிக மெலிந்திருக்கிறதோ அந்த இடத்தின் வலிமையே வீடு முழுவதற்கும் வலிமை.

முற்காலத்துக் கள்வர் கதவருகே வருவதில்லை. மண்சுவரிலே துளையிட்டு நுழைவார்கள். அத்துளைக்குக் கன்னம் என்றும், அதற்கு உதவும் கருவிக்குக் கன்னக்கோல் என்றும் பெயர். சுவர் செங்கல்லும் சிமெண்டும் ஆனபின் கன்னக்கோலுக்கு வேலை குறைந்தது. ஆனால் கன்னம் வைக்கும் எண்ணம் குறையவில்லை. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஐதராபாத்திலே நிஜாம் அருங்காட்சியகத்தில் நடந்ததைக் கேளுங்கள். வைரம் பதித்த பொன் உணவடுக்கு ஒன்றும், பொற்கோப்பை, தட்டு, கரண்டி ஆகியவையும் களவாடப்பட்டன. கள்வர் இருவரும் கதவைத் தொடவே இல்லை. மேலே காற்று வருவதற்காக விட்டிருந்த திறப்பின் கம்பியை அகற்றி, கயிறு கட்டி இறங்கினர். சில நாள்களில் காவல் துறையினர் அவர்களைப் பிடித்துப் பொருள்களை மீட்டுவிட்டார்கள். அப்பொன்னடுக்கில் கள்வரில் ஒருவன் உணவு உண்டான் என்று செய்தித்தாள்கள் எழுதின. நிஜாமே அதில் உண்டாரோ இல்லையோ!

ஆகவே, வீட்டைக் காக்க விரும்புகிறவர் ஒருநாள் மாலையில் வெளியே நின்று, கள்வனின் கண்ணால் தம் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கூரைக்கு எட்டும் முருங்கைமரம் இருக்கிறதா? ஏணியைக் கொல்லையிலேயே சாய்த்து வைத்திருக்கிறோமா? சன்னற் கம்பி மரச் சட்டத்தில் ஆழமாகப் புதைந்திருக்கிறதா, வெறும் ஆணியில் நிற்கிறதா? கதவின் கீல் வெளிப்புறத்தில் இருந்து, அதன் முளையைத் தட்டிக் கழற்ற இடம் கொடுக்கிறதா? இவை பணச் செலவு மிகுந்த காரியங்கள் அல்ல. ஒரு தச்சரும் ஒரு கொத்தனாரும் ஒரு பகலில் முடித்துவிடுவார்கள்.

பூட்டைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பூட்டு என்றதும் திண்டுக்கல் நினைவுக்கு வரும். அவ்வூர்ப் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. கையால் செய்யும் அந்தப் பூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் உள்ளிருக்கும் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் நகராது. தகடுகளின் எண்ணிக்கை கூடக்கூட வேறு சாவியால் திறப்பது அரிதாகும். நல்ல பூட்டின் இலக்கணம் இது. ஆனால் நம் வீடுகளில் ஒரு வேடிக்கையைக் காணலாம். பூட்டு அரைக்கிலோ எடை இருக்கும். அது மாட்டியிருக்கும் நாதாங்கியோ இரண்டு சிறு திருகாணியில் தொங்கிக்கொண்டிருக்கும். கள்வன் பூட்டைத் திறக்கப் போராடுவதில்லை. கடப்பாரையை இடுக்கி நாதாங்கியைப் பெயர்த்துப் பூட்டோடு கீழே போட்டுவிடுகிறான். நாதாங்கியை மறுபுறம் வரை ஊடுருவும் போல்ட்டால் இறுக்கி, உட்பக்கத்தில் இரும்புத் தகடு வைத்துத் திருக வேண்டும்.

எவ்வளவு செய்தாலும் பூட்டு களவைத் தடுத்துவிடும் என்று எண்ணலாகாது. பூட்டு செய்வது ஒன்றே, நேரத்தைக் கூட்டுகிறது. இரண்டு நிமிடத்தில் முடியும் வேலையை அரைமணி நேரமாக்குகிறது. அந்த அரைமணி நேரத்தில் நாய் குரைக்க வேண்டும், அயலார் விளக்கேற்ற வேண்டும், யாரேனும் எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாவிட்டால் எந்தப் பூட்டும் வீணே. இன்று கேமராக்கள் மலிந்துவிட்டன; கூலிவேலை செய்வோர் வீட்டிலும் அவற்றைக் காண்கிறோம். கேமராவும் பார்க்கின்ற கண்ணுக்குத் துணைதான்; அதுவே கண் ஆகிவிடாது.

பார்க்க ஆள் இல்லாமையால் நேர்ந்த ஒரு பெரிய களவை இங்கே விரிவாகச் சொல்வது தகும். அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்பது ஒரு சிற்றூர். அங்குள்ள பிருகதீசுவரர் கோயிலில் சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகள் பல இருந்தன. ஊர் சிறிது, வருவாய் குறைவு, வழிபாடு தளர்ந்து கோயில் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. 2006-ஆம் ஆண்டில் கள்வர் புகுந்து திருமேனிகளைக் கடத்தினார்கள். 2008-இல், பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டு செல்வதற்காக அறநிலையத்துறை அலுவலர்கள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வெறும் அறைக்குப் பூட்டுக் காவல் இருந்தது!

அதே 2008-ஆம் ஆண்டில் அக்கோயிலின் நடராசர் ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தார். ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை கொடுத்து நியூயார்க்கு நகரத்துக் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து கலைக்கூடம் வாங்கியிருந்தது. விற்றவர் வெறுங்கையோடு விற்கவில்லை; அத்திருமேனி 1970-ஆம் ஆண்டளவிலேயே இந்தியாவில் விலைக்கு வாங்கப்பெற்று முறையாக வெளியேறியது என்று காட்டும் தாள்களையும் சேர்த்தே கொடுத்தார். தாள்கள் ஒழுங்காக இருந்தன. பொய் எப்பொழுதும் ஒழுங்காகவே இருக்கும். பின் உண்மை எவ்வாறு வெளிப்பட்டது? புதுச்சேரியிலே 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்று உண்டு. அதன் அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் திருமேனிகளையும் நிழற்படம் எடுத்துத் தொகுத்து வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் அதே நடராசர் நிற்கும் படமும், 1990-களில் எடுத்தது, அத்தொகுப்பில் இருந்தது. 1970-இல் நாட்டை விட்டுப் போன திருமேனி அதற்குப் பிறகு இருபது ஆண்டு கழித்துத் தன் கோயிலில் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியுமா? அந்த ஒரு படத்தின் முன் தாள்கள் எல்லாம் சாம்பலாயின. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து நடராசரைத் திருப்பித் தந்தார். கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதாகி, 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022-இல் கும்பகோணம் நீதிமன்றத்தால் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

மாணவர்களே, இங்கே ஒன்றை நன்கு நோக்குங்கள். பூட்டு தோற்றது, மதில் தோற்றது. மீட்டுத் தந்தது ஒரு நிழற்படம். அதை எடுத்தவர் களவைத் தடுக்கும் எண்ணத்தோடு எடுக்கவில்லை; ஆராய்ச்சிக்காக எடுத்தார். எடுத்தனூர்க் கல்லிலே எழுதிய சிற்பியைப் போன்றவர் அவர்.

களவு இரவிலேதான் நடக்கும் என்பதும் இல்லை. தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்திலே 1951-ஆம் ஆண்டில் நிலத்தடியிலிருந்து நடராசர் உள்ளிட்ட திருமேனிகள் கிடைத்தன. பின்னர் அரசினர் அவற்றை அவ்வூர்க் கோயிலுக்கு அளித்தனர். 1954-இல் பழுது பார்ப்பதற்காக அவை சிற்பியிடம் அனுப்பப்பெற்றன. திரும்பி வந்த நடராசர் அசல் அன்று; அச்சு அசலான போலி. ஊரார் பல ஆண்டு போலிக்கே பூச்சூட்டினார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்னும் அறிஞர் தம் 1965-ஆம் ஆண்டு நூலில் கோயிலில் இருப்பது அசல் அன்று என்று எழுதிய பின்புதான் உலகம் அறிந்தது. அசலோ கைமாறிக் கைமாறி அமெரிக்காவுக்குச் சென்று, 1973-இல் நார்ட்டன் சைமன் என்னும் செல்வருடைய அறக்கட்டளையால் ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டது. வழக்கும் உடன்பாடும் முடிந்து 1986-இல்தான் தாயகம் திரும்பியது. கதவை உடைக்காமல், கேட்டு வாங்கிக்கொண்டே எடுத்துச் சென்ற களவு இது. வீட்டுப் பொருளுக்கும் இது பொருந்தும். சுவடியைச் செப்பனிட, படத்துக்குச் சட்டமிட, ‘இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று கேட்பவர்க்குக் கொடுக்க, இப்படிப் பொருள் வெளியே போகும் வாயில்கள் பல. போகுமுன் படம் எடுத்து, எடை போட்டுக் குறித்து, வந்தபின் மீண்டும் எடை போட்டுப் பார்ப்பதை யாரும் ஐயப்பாடு என்று கருத வேண்டியதில்லை. பொற்கொல்லரிடம் நகை கொடுக்கும்போது நாம் செய்வதுதான்.

தஞ்சையிலிருந்து இன்னும் ஒரு செய்தி. சரசுவதி மகால் நூலகம் இன்று பொது நூலகம். ஒரு காலத்தில் அது அரண்மனைக்குள் இருந்த சேகரிப்பு, அதாவது மன்னர் வீட்டுச் சேகரிப்பு. இரண்டாம் சரபோசி மன்னர் அதைப் பெருக்கினார். சீகன்பால்கு மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் படி ஒன்று அங்கே இருந்தது. அதில் மன்னரின் கையொப்பமும் இருந்தது. 2005-ஆம் ஆண்டில் அது காணாமற் போயிற்று. சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் பின்னர்ப் புலனாய்ந்தபோது, வருகையாளர் பதிவேட்டிலிருந்து அந்நாளில் வந்துபோனோரை அறிந்தனர். லண்டனில் உள்ள ஒரு சேகரிப்பின் பட்டியலைத் தேடியபோது, 2022-இல், அந்நூல் அகப்பட்டது. கையொப்பம் அதை இன்ன படி என்று காட்டிவிட்டது. வருகையாளர் பதிவேடு, கையொப்பம் இரண்டும் மிக எளிய பொருள்கள். உங்கள் வீட்டுச் சேகரிப்பைப் பார்க்க வருகிறவர்களின் பெயரையும் நாளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வந்தவர்க்கு அது பெருமையாகவும் தோன்றும்.

இனிப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். இதில்தான் மாணவர்களாகிய உங்களுக்கு வேலை இருக்கிறது. பெரியவர்களுக்கு இதற்குப் பொறுமை இராது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். அந்த எண்ணின் கீழ்ப் பொருளின் வகை, எதனாற் செய்தது, நீளம், அகலம், உயரம், எடை, அதில் உள்ள எழுத்து, யாரிடமிருந்து எப்பொழுது எவ்வாறு வந்தது என்பன. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுக்க வேண்டும். முன்புறம், பின்புறம், அடிப்புறம் மூன்றையும் எடுக்க வேண்டும். இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருப்பதால் இது செலவில்லாத வேலை. எல்லாவற்றினும் மேலாக, பொருளின் குறைகளை எழுதுங்கள். மக்கள் இதைத்தான் செய்வதில்லை. தங்கள் பொருளின் அழகைப் பற்றிப் பத்து வரி எழுதுவார்கள். அதன் வெடிப்பை மறைத்துவிடுவார்கள். ஆனால் அழகு ஆயிரம் பொருளுக்குப் பொது. குறையோ அதற்கே உரியது. விளக்கின் விளிம்பில் உள்ள நெளிவு, சிற்பத்தின் இடக்கை விரலில் உள்ள ஒடிவு, நூலின் நாற்பதாம் பக்கத்தில் தொடங்கி நாற்பத்தேழாம் பக்கத்தில் முடியும் புழுத்துளை, இவையே நீதிமன்றத்தில் உங்கள் சாட்சிகள்.

காசுகளைக் கொண்டு இதை விளக்கலாம். இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ‘என் வீட்டிலிருந்து இராசராசன் காசு ஒன்று போயிற்று’ என்று முறையிட்டால் காவலர் என்ன செய்வார்? ஆனால் அக்காலத்துக் காசுகள் இயந்திரத்தில் வார்த்தவை அல்ல. கையால் சம்மட்டி கொண்டு அடித்தவை. அச்சு ஒவ்வொரு முறையும் சிறிது விலகி விழும். விளிம்பு ஒவ்வொன்றிலும் வேறுபட்டுப் பிதுங்கும். எடையும் சற்றே மாறும். ஆகவே இரு புறமும் தெளிவாக எடுத்த படமும், மில்லிகிராம் வரை நிறுத்த எடையும் இருந்தால் ஒரு காசை ஆயிரம் காசுகளுக்கு நடுவே அடையாளம் காட்டலாம். ஊர்ப் பொற்கொல்லரின் தராசு இதற்குப் போதும். ஓலைச்சுவடியானால் ஏடுகளின் எண்ணிக்கை, ஏட்டின் நீள அகலம், பக்கத்திற்கு எத்தனை வரி, முதல் ஏட்டின் தொடக்கம், கடைசி ஏட்டின் முடிவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஏடு எழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் இறுதியில் குறிப்பது வழக்கம். அதைத் தனியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தபால் தலையில் முத்திரை விழுந்த இடமும் ஓரத்துத் துளைகளின் நிலையும் அடையாளமாகும்.

நான் சொன்ன இம்முறை என் கற்பனை அன்று. உலக நாடுகளின் அருங்காட்சியகத்தாரும் காவல் துறையினரும் சுங்க அலுவலரும் கூடி ஆய்ந்து, ஆப்ஜெக்ட் ஐடி என்னும் பெயரால் 1997-இல் ஒரு பதிவு முறையை வெளியிட்டார்கள். சாரத்தில் நான் கூறியவையே அதிலும் உள்ளன. இண்டர்போல் என்னும் பன்னாட்டுக் காவல் அமைப்புக் களவுபோன கலைப்பொருள்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் உண்டு. ஐயமற அடையாளம் காட்டத்தக்க பொருளுக்கு மட்டுமே அப்பட்டியலில் இடம். படமும் அளவும் இல்லாத பொருளுக்கு அங்கே கதவு திறக்காது. அதாவது, பதிவேடு இல்லாதவன் ஒரே பொருளை இருமுறை இழக்கிறான்: கள்வன் எடுக்கும்போது ஒருமுறை, எதிரே கண்டும் ‘என்னுடையது’ என்று மெய்ப்பிக்க முடியாதபோது மறுமுறை.

சட்டத்தையும் சிறிது அறிந்திருக்க வேண்டும். தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், ஓவியம் தீட்டிய சுவடி முதலிய சில வகைகளை வைத்திருப்போர் பதிவு அலுவலரிடம் படத்துடன் பதிவு செய்துகொள்ள வேண்டும். பலர் இதற்கு அஞ்சுகிறார்கள். பதிவு செய்தால் அரசாங்கம் பறித்துக்கொள்ளும் என்று எண்ணுகிறார்கள். பதிவுச் சான்று உடைமையைப் பறிப்பதில்லை. மாறாக, அரசாங்க முத்திரையோடு உங்கள் பதிவேட்டின் ஒரு பக்கத்தை உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறது.

மற்றொரு சட்டம் இன்னும் பழமையானது, 1878-ஆம் ஆண்டினது. மண்ணில் புதைந்து கிடந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. வாணியாற்றுப் பாசனத்திலே வயலைத் திருத்தும்போது கலயம் நிறையக் காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தவர் அதை மறைத்து வைக்கிறார். பின்பு அது களவு போகிறது. அவர் எந்த முகத்தோடு காவல் நிலையத்தின் படியேறுவார்? மறைத்த பொருளுக்குக் காவல் இல்லை. கள்வர்க்கும் அது தெரியும். அப்படிப்பட்ட வீட்டையே அவர்கள் நாடுவார்கள். நடுகற்களும் அவ்வாறே. அவற்றை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து அழகுக்கு நிறுத்துவது சேகரிப்பு ஆகாது. நின்ற இடத்தை விட்டுப் பெயர்ந்த நடுகல் தன் பொருளிற் பாதியை இழக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் முறையாகக் கொண்டுவந்து வைத்தவற்றைச் சென்று பாருங்கள்.

வங்கிப் பெட்டகத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பொற்காசுக்கும் வெள்ளிக்காசுக்கும் அது நல்ல இடமே. ஆனால் 2022-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதிப்படி, களவு முதலியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு, பெட்டகத்தின் ஓராண்டு வாடகையைப் போல் நூறு மடங்குதான். பொருளின் மதிப்பு முழுவதும் வரும் என்று நம்பலாகாது. ஓலைச்சுவடியைப் பெட்டகத்தில் அடைப்பதோ வேண்டாத வேலை. காற்றும் கண்ணும் படாத ஏட்டைப் பூச்சி தின்றுவிடும். உள்ளபடி சொன்னால், நம் நாட்டில் கள்வர் கொண்டுபோன சுவடிகளைவிடச் செல்லரித்துப் போனவையே மிகுதி.

காப்பீடு செய்வோர், பொருள்களைத் தனித்தனியே விலை மதிப்போடு எழுதிக் கொடுத்தாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக ‘வீட்டுச் சாமான்’ என்று எழுதிய பத்திரம் சேகரிப்புக்கு உதவுவது அரிது.

பேச்சைப் பற்றி ஒரு பேச்சு. சேகரிப்பாளருக்குத் தம் பொருளைப் பிறருக்குக் காட்டும் ஆசை இயல்பு. அவ்வாசை இல்லாதவர் சேகரிக்கவே மாட்டார். ஆகவே காட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக் கண்காட்சியில் வையுங்கள். அறிஞரை அழைத்துக் காட்டுங்கள். பொருளைக் காட்டலாம், அது இருக்கும் அறையையும் பெட்டியையும் காட்ட வேண்டுவதில்லை. கைப்பேசியிலே காசுகளின் படத்தை உலகுக்கு அனுப்பும் இளைஞர், தம் வீட்டு முகப்பையும் சேர்த்து அனுப்புகிறார்; மறுவாரம், ‘நாங்கள் எல்லாரும் தீர்த்தமலைத் திருவிழாவில் இருக்கிறோம்’ என்று அங்கிருந்தே இன்னொரு படம் அனுப்புகிறார். கன்னக்கோல் காலத்துக் கள்வன் இவ்வளவு செய்தியையும் அறியப் பல இரவு திண்ணையோரம் படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. திருவிழாவுக்குப் போய் வந்து படம் அனுப்பினால் திருவிழாவின் அழகு குறைந்துவிடுமா என்ன? போகுமுன் காவல் நிலையத்திலும் அடுத்த வீட்டிலும் சொல்லிச் செல்வது நல்ல வழக்கம்.

ஒருவேளை களவே நேர்ந்துவிட்டால், கள்வனை எதிர்த்து நிற்கும் துணிவைக் காட்ட வேண்டாம். நடுகல் எடுக்கும் காலம் போய்விட்டது. எந்தக் காசும் உங்கள் உயிருக்கு ஈடாகாது. கலைந்து கிடக்கும் அறையை ஒழுங்கு செய்யாதீர்கள். கதவின் குமிழைத் தொடாதீர்கள். அங்கேதான் விரற்பதிவு இருக்கும். பதிவேட்டின் படியை எடுத்துக்கொண்டு அன்றே காவல் நிலையம் சென்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யச் செய்து, அதன் படியைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலையும் படத்தையும் பழம்பொருள் வணிகர்க்கும் காசு ஆராய்ச்சியாளர்க்கும் அனுப்பி வையுங்கள். பொருள் விலைபோகாதபடி செய்வதே அதை மீட்பதில் பாதி.

சாந்திநிகேதனத்திலே கவியரசர் தாகூரின் நோபெல் பதக்கம் 2004-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் களவு போயிற்று. வார விடுமுறைக்குப் பின் அருங்காட்சியகத்தைத் திறந்தவர்கள் அதைக் கண்டனர். உலகம் முழுவதும் அறிந்த பதக்கம் அது. சுவீடன் நாட்டினர் மனமிரங்கிப் பிரதிகள் இரண்டைச் செய்து அளித்தார்கள். நம் பாட்டனார் சுவடிக்குப் பிரதி செய்து அனுப்ப எந்த நாடும் இல்லை. அதனால், ஏடுகளைப் படம் எடுக்கும்போது மேலட்டையை மட்டும் எடுத்து நிறுத்திவிடாமல், எல்லா ஏடுகளையும் எடுங்கள். களவு போனாலும், செல் அரித்தாலும், உள்ளே எழுதியிருந்தது நம்மிடம் தங்கும்.

பதிவேட்டில் இரண்டு படிகள் வேண்டும். ஒன்று வீட்டில் இருக்கலாம். ஆனால் சேகரிப்புள்ள பெட்டிக்குள் வைக்காதீர்கள், பெட்டியோடு அதுவும் போய்விடும். மற்றொன்று சேலத்திலோ தருமபுரியிலோ உள்ள அத்தை வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் நாள்களில், பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பார்த்து, பார்த்த நாளைப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.